ஐந்து கிலோ நாய்க்கு எவ்வளவு சோறு?

விருதுநகர் மாவட்டத்தில் நாயைப் பற்றிப் பேச்செடுத்தால் அது ராஜபாளையத்திலோ சிப்பிப்பாறையிலோதான் போய் நிற்கும். பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக இரண்டடிக்கு மேல் உயர்ந்து நிற்கிற ராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரி 9 அன்று அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. ஆனால் ராஜபாளையத்துக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிற ஆலங்குளம் மாதிரி ஊர்களில் இன்று வீட்டுக்குள் வளர்க்கிற நாய் வேறு. (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை; 1970இல் அரசு சிமெண்ட் ஆலை வந்த ஆலங்குளம்.) வாசல் கேட்டுக்குப் பின்னால் நின்று குரைப்பது பெரும்பாலும் ஒரு பொமரேனியன், அல்லது பக், டேஷண்ட், ஷிட்சூ.

பொமரேனியன் என்று நாம் கூப்பிடுகிற வெள்ளைநாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறு இனம். அசல் பொமரேனியன் மூன்று கிலோவைத் தாண்டினாலே அதிகம். ஸ்பிட்ஸில் சின்ன வகை ஐந்து முதல் ஏழு கிலோ வரை வரும். இணையத்தில் ‘பொமரேனியன் உணவு அளவு’ என்று தேடிப் பார்த்துப் போட்டால் உங்கள் வீட்டு நாய் பட்டினி கிடக்கும். ஆகவே இனத்தின் பெயரை விடுங்கள், எடையைப் பிடியுங்கள். வீட்டில் எடைக்கருவி இருந்தால் முதலில் நீங்கள் மட்டும் ஏறி நில்லுங்கள், அப்புறம் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம்தான் நாயின் எடை.

எடை தெரிந்ததும் செல்போன் கால்குலேட்டரை எடுங்கள். ஐந்து கிலோ என்றால் 5 × 5 × 5 = 125. அதற்கு வர்க்கமூலம், வந்த விடைக்கு மறுபடியும் வர்க்கமூலம்: 3.34. அதை 70ஆல் பெருக்கினால் 234. சும்மா படுத்துக் கிடந்தாலும் அந்த உடம்பு ஒரு நாளில் எரிக்கிற கலோரி அது. உலகம் முழுக்கக் கால்நடை மருத்துவர்கள் போடுகிற கணக்கு இதுதான். வீட்டுக்குள்ளேயே இருக்கிற, கருத்தடை செய்த நாய்க்கு இதை 1.4ஆல் பெருக்கலாம், சுமார் 330 கலோரி. நன்றாக ஓடியாடுகிற நாய்க்கு 1.6ஆல்.

இதே கணக்கை 40 கிலோ நாய்க்குப் போட்டால் படுத்த நிலையில் 1,113 கலோரி வரும். எடை எட்டு மடங்கு, தேவையோ ஐந்து மடங்கைக்கூடத் தொடவில்லை. அதாவது ஒவ்வொரு கிலோவுக்கும் சின்ன நாய்க்குத்தான் அதிகம் வேண்டும். வயிறோ சின்னது. அந்தச் சின்ன வயிற்றுக்குள் போகிற ஒவ்வொரு கவளத்திலும் சரக்கு இருக்க வேண்டும். சோற்றாலேயே வயிற்றை நிரப்பிவிட்டால் மற்றதற்கு இடம் இருக்காது.

நம் வீடுகளில் நாய்க்குத் தயிர்சாதம்தான் முதல் உணவு. வயிற்றுக்கு நல்லது, குளிர்ச்சி, செலவும் இல்லை. எண்ணிக்கையாகப் பார்ப்போம். 200 கிராம் சோறும் 100 கிராம் தயிரும் பிசைந்தால் சுமார் 320 கலோரி. அன்றைய தேவை ஏறக்குறைய தீர்ந்தது. புரதம் எவ்வளவு போயிற்று? ஒன்பது கிராம். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ‘ஆஃப்கோ’ வகுத்த அளவுப்படி, வளர்ந்த நாய்க்கு ஒவ்வொரு 1,000 கலோரியிலும் குறைந்தது 45 கிராம் புரதம் இருக்க வேண்டும். நம் ஐந்து கிலோ நாய்க்கு அது 15 கிராம். கால்சியம் தேவையில் மூன்றில் ஒரு பங்குதான் தயிரிலிருந்து வரும். துத்தநாகம், தாமிரம், வைட்டமின் ஈ எல்லாம் இன்னும் மோசம். நாய் பார்க்கக் கொழுகொழு என்றுதான் இருக்கும். முடி கொட்டும், தோல் செதில் செதிலாக உரியும், தசை வற்றும். வீட்டில் அதற்கு ‘சூடு பிடிச்சிருச்சு’ என்று சொல்லி இன்னும் கொஞ்சம் தயிர் ஊற்றுவோம்.

அதற்காகச் சோறே ஆகாது என்று சொல்ல வரவில்லை. நாய் மாமிச உண்ணி, அரிசி அதற்குச் செரிக்காது என்று இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. 2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் காட்டியது வேறு. மாவுப்பொருளைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான். நாயிடம் நான்கு முதல் முப்பது வரை. மனிதனோடு கூடவே இருந்து, அவன் போட்ட கஞ்சியைத் தின்று தின்று மாறிய உடம்பு அது. சோறு இருக்கலாம். கிண்ணத்தில் பாதிக்கு மேல் அதுவே இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

வீட்டுச் சமையலில் ஐந்து கிலோ நாய்க்கு ஒரு நாள் அளவு இப்படி வரும்: வடித்த சோறு 100 கிராம், வேகவைத்த எலும்பில்லாக் கோழிக்கறி 70 கிராம், அரை முட்டை, வெந்த கேரட்டோ பூசணியோ ஒரு கைப்பிடி, ஒரு டீஸ்பூன் எண்ணெய். எல்லாம் சேர்ந்து 330 கலோரியை ஒட்டி வரும். புரதம் 27 கிராம். உப்பு, மிளகாய், மசாலா வேண்டாம். இதில் போதிய கால்சியம் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். இந்த இரண்டின் விகிதம் புரண்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து, நாளுக்குக் கால் டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவாகக் கலந்தால் அந்தக் குறை தீரும். வாரம் ஒருமுறை கறிக்குப் பதில் இரண்டு துண்டு ஈரல்.

இத்தனைக்குப் பிறகும் சில நுண்சத்துகள் விட்டுப்போகும். கலிபோர்னியாவின் டேவிஸ் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைவு. அந்தக் குறிப்புகளில் பல, கால்நடை மருத்துவர்களே எழுதியவை. ஆகவே வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் என்று முடிவெடுத்தால், கால்நடை மருத்துவரிடம் கேட்டு ஒரு வைட்டமின் தாதுப்பொடியும் சேர்த்துக்கொள்வது நல்லது.

பிராய்லர் கடையில் மலிவாகக் கிடைக்கிற ‘வேஸ்ட்’டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தோலும் கொழுப்பும் கழுத்தும் காலுமாக ஒரு பையில் போட்டுத் தருவார்கள். பெரிய நாய் இதைத் தின்று சமாளித்துவிடும். சின்ன நாய்களுக்குக் கணைய அழற்சி வருவது சகஜம். ஒரே வேளையில் ஏராளமாகக் கொழுப்பு உள்ளே போவது அதற்கு ஒரு தூண்டுதல். நாய் முதுகைக் கூனிக்கொண்டு, வயிற்றைத் தொடவிடாமல், விடாது வாந்தி எடுத்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். வெந்த எலும்பும் வேண்டாம். வெந்தபின் அது கூர்கூராக உடையும், அந்தச் சின்னக் குடலில் சிக்கும்.

இனி பாக்கெட். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கடையில் ‘பெடிகிரி ஒண்ணு’ என்றுதான் கேட்போம். முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். முதலில் தேட வேண்டியது ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்ற பொருள் தரும் ஒரு வரி. கூடவே எந்த வயதுக்கு என்று இருக்கும்: குட்டிக்கு, வளர்ந்த நாய்க்கு, அல்லது எல்லா வயதுக்கும். அந்த வரி இல்லாமல் ‘துணை உணவு’ என்றோ ‘ட்ரீட்’ என்றோ இருந்தால் அது நொறுக்குத்தீனி. அதை வைத்து நாயை வளர்க்க முடியாது. அடுத்தது 100 கிராமுக்கோ கிலோவுக்கோ எத்தனை கலோரி என்ற எண். சில பாக்கெட்டுகளில் அது இருப்பதே இல்லை. அந்த எண்ணைச் சொல்லாத கம்பெனியின் தீனியை நான் வாங்கமாட்டேன். அளவு போடவே வழியில்லையே.

சாதாரண உலர்தீனியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி. நம் ஐந்து கிலோ நாய்க்கு நாளுக்கு 90 முதல் 95 கிராம் வரை, அதுவும் காலை மாலை இரண்டு வேளையாக. ஒருமுறை தராசில் நிறுத்து, அது எந்த டம்ளரில் எதுவரை வருகிறது என்று கோடு போட்டு வைத்துக்கொண்டால் போதும்.

புரத சதவீதத்தை ஒப்பிடும்போது மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். உலர்தீனியில் 24 சதவீதம் என்றும், பவுச்சில் வருகிற குழம்புத்தீனியில் 8 சதவீதம் என்றும் போட்டிருக்கும். பவுச்சில் 80 சதவீதம் தண்ணீர். தண்ணீரை நீக்கிவிட்டால் மிஞ்சுகிற இருபதில் எட்டு புரதம், அதாவது 40 சதவீதம். உலர்தீனி அதே கணக்கில் 27ஐத் தாண்டாது. இதனால் பவுச்சுதான் உயர்த்தி என்றும் ஆகிவிடாது, விலையும் கூட.

‘சின்ன இன நாய்களுக்கு’ என்று தனியாக விற்கிற தீனியில் உண்மையான வித்தியாசம் இரண்டு: மணி சின்னதாக இருக்கும், கலோரி செறிவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சின்ன வாயில் பெரிய மணியைக் கடிக்க முடியாமல் முழுங்குகிற நாய்க்கு இது உதவும். மற்றபடி விளம்பரம். ‘தானியம் இல்லாதது’ என்ற பாக்கெட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கவும் அவசியமில்லை. அப்படிப்பட்ட, பட்டாணியும் பருப்பும் நிறைந்த தீனிகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விசாரணை தொடங்கியது. தொடர்பு இதுவரை நிரூபணம் ஆகவில்லை. ஆனால் தானியத்தை நீக்கியதால் நாய்க்கு நன்மை என்பதும் நிரூபணம் ஆகவில்லை.

சின்ன நாய் வைத்திருப்பவர்கள் இன்னொரு இடத்தில் சறுக்குகிறார்கள். பத்து கிலோ மூட்டை வாங்கினால் கிலோ விலை குறைகிறது. நாளுக்கு 90 கிராம் வீதம் அது தீர 111 நாள். சித்திரை, வைகாசியில் தகரக்கொட்டகை வெக்கையில் திறந்த மூட்டை அத்தனை நாள் இருந்தால் தீனியில் இருக்கிற கொழுப்பு காறிப்போகும். ஈரம் பட்டால் பூஞ்சை, பூஞ்சையில் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு, அது நேரே ஈரலைத் தாக்கும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு கம்பெனித் தீனியைத் திரும்பப் பெற்றார்கள்; அந்த நஞ்சால் செத்த நாய்கள் எழுபதுக்கும் மேல். கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் என்று கொள்முதல் செய்கிற விருதுநகர் வியாபாரிகளுக்கு இந்தப் பூஞ்சையைத் தெரியும். கிலோ கணக்கில் லூஸாக அள்ளித் தருகிற தீனியிலும் இதே ஆபத்து. தயாரித்த தேதியும் தெரியாது. மூன்று கிலோப் பை ஒரு மாதத்தில் தீரும். அதையும் வேறு டப்பாவில் கொட்டாமல், பையோடு டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள்.

எதை வைப்பது என்பதைவிட எதை வைக்கக்கூடாது என்பதில்தான் இந்தச் சின்ன உடம்பு நம்மைச் சோதிக்கும். நமக்கு ஒரு வாய் என்பது அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு. விருதுநகர் பொரித்த பரோட்டாவில் மிச்சமான ஒரு துண்டைச் சால்னாவில் தோய்த்துப் போடுவது இங்கே பாசத்தின் அடையாளம். அந்தச் சால்னாவில் கரைந்து கிடப்பது வெங்காயமும் பூண்டும். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில் அரை சதவீதம் ஒரே நேரத்தில் போனாலே ஆபத்து ஆரம்பம் என்பார்கள். ஐந்து கிலோ நாய்க்கு அது 25 கிராம். நான்கைந்து சின்ன வெங்காயம். அன்றைக்கே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூத்திரம் காப்பிநிறத்தில் போகும். பரோட்டா ஞாபகமே நமக்கு வராது.

புளி இன்னொன்று. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது ரொம்ப நாளாகத் தெரியும். ஏன் என்பதுதான் புரியாமல் இருந்தது. 2021இல் அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. விலங்கு நச்சு மையத்து மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தைச் சுட்டிக்காட்டினார்கள். அந்த அமிலம் உள்ள சமையல் பொடியைத் தின்ற நாய்க்கும், புளியைத் தின்ற நாய்க்கும் அதே மாதிரி சிறுநீரகம் கெட்டதை அவர்கள் கவனித்திருந்தார்கள். திராட்சையில் இந்த அமிலம் இரண்டு சதவீதத்துக்குள்தான் இருக்கும். புளியம்பழச் சதையில் எட்டு முதல் பதினெட்டு சதவீதம் வரை. ஒரு வாய் ரசம் சோறு நாயைக் கொன்றுவிடும் என்று பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் தினமும் சாம்பார் சோறு, புளிக்குழம்புச் சோறு என்று வைக்கிற வழக்கத்தை நிறுத்தத்தான் வேண்டும். புளி உடைத்துக் காயப்போடுகிற மாசி, பங்குனியில் நாயை அந்தப் பக்கமே விடாதீர்கள். பொங்கலிலும் பாயசத்திலும் மிதக்கிற திராட்சைக்கும் இது பொருந்தும்.

50 கிராம் பால் சாக்லேட் ஐந்து கிலோ நாய்க்குப் படபடப்பும் வாந்தியும் கொடுக்கப் போதும். கறுப்புச் சாக்லேட் அதில் பாதியே போதும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் வருகிற சைலிடால் இன்னும் கொடியது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா விஷமில்லை. ஆனால் அது சீனியும் பாலும்தான். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது, கழிச்சல் வரும். நொறுக்குத்தீனி மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவிதி. நம் நாய்க்கு அது 33 கலோரி. டீக்கடையில் ஆளாளுக்குப் போடுகிற மாரி பிஸ்கட் ஒன்றே 25ஐத் தொடும்.

எடை கூடியிருக்கிறதா என்று பார்க்கத் தராசுக்கு ஓடவேண்டாம். விரல்களை விலாவில் லேசாக வைத்து நகர்த்துங்கள். அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. ஸ்பிட்ஸுக்கு முடி அடர்த்தி என்பதால் கண்ணை நம்பவே முடியாது. ஐந்து கிலோ நாய் அரைக்கிலோ கூடினால் அது 65 கிலோ ஆள் ஆறரைக் கிலோ கூடியதற்குச் சமம். சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழல் தளர்கிற நோயும் முழங்கால் சில்லு நழுவுகிற தொல்லையும் அதிகம். இரண்டையும் கொழுப்பு மோசமாக்கும். பல்லையும் கவனியுங்கள். நாற்பது கிலோ நாய்க்கு இருக்கிற அதே 42 பற்கள் இந்தச் சின்னத் தாடையிலும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. இடுக்கில் சோறு தங்கும், காரை படியும். உலர்தீனி பல்லைச் சுத்தம் செய்துவிடும் என்பதை நம்பாமல், விரலில் துணி சுற்றித் தேய்த்து விடுங்கள். நம் பற்பசை வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு நாளுக்கு நான்கு வேளையாவது வைக்க வேண்டும். அதன் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. வேளை தவறினால் ரத்தத்தில் சர்க்கரை விழுந்து, குட்டி தள்ளாடி நடுங்கும். ஈறில் கொஞ்சம் சீனித்தண்ணீரைத் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் தூக்கிப்போக வேண்டும். பத்து மாதம் ஆனதும் குட்டித்தீனியிலிருந்து பெரிய நாய்த்தீனிக்கு மாற்றலாம். எந்த மாற்றமும் ஒரு வாரம் எடுக்கட்டும். பழையதில் புதியதைக் கால்பங்கு கலந்து தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

இந்த மாற்றத்தை நம் வீடுகள் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ராத்திரியில் செய்கின்றன. புரட்டாசி பிறந்தால் அடுப்பில் கறி ஏறாது, நாயும் விரதம். கறிக்குப் பதில் வேகவைத்துப் பிழிந்த மீல்மேக்கரும் கொஞ்சம் பன்னீரும் அந்த மாதத்தைத் தாங்கும். அல்லது அந்த மாதம் முழுக்கப் பாக்கெட் தீனி. வெறும் சாம்பார் சோற்றுக்கு மட்டும் இறங்க வேண்டாம்.

அடுத்து ஐப்பசி. பட்டாசு நாட்டில் தீபாவளிக்கு முந்தைய வாரமே சத்தம் தொடங்கிவிடும். பயந்த நாய் சாப்பிடாது. சாயங்காலச் சாப்பாட்டை நாலு மணிக்கே வைத்து, தண்ணீர்க் கிண்ணத்தைக் கட்டிலுக்கடியில் அது பதுங்குகிற இடத்திலேயே வையுங்கள். அதிரசம், முறுக்கு எண்ணெய்க்குக் கணையம் காத்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள். வெடிக்காத பட்டாசைக் கடித்தால் இன்னும் ஆபத்து. உள்ளே இருப்பது நைட்ரேட்டும் கந்தகமும் அலுமினியப் பொடியும், பழைய சரக்காக இருந்தால் பேரியமும். தின்றது தெரிந்தால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கிற வேலையெல்லாம் செய்யாமல், மிச்சமிருக்கிற பட்டாசுத் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அந்தத் தாளில் இருக்கிற பெயரை வைத்துத்தான் என்ன மருந்து உள்ளே போயிருக்கிறது என்று மருத்துவர் ஊகிக்க முடியும்.